சில்லு விட்டுக்கொடுத்த இடம்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள் என் மகள். புதன்கிழமை காலை ஆறே முக்கால். எனக்கு ஏழு மணி ஷிப்ட். ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் நீட்டிய தாளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதம் என்று நினைத்துப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். நல்லவேளை, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்குக் கிடையாது. பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, ஆவியில் வேகவைக்கும் அறையில் வேலை. ஒவ்வொரு கட்டின் மேலும் உள்ளே எத்தனை கத்தரி, எத்தனை இடுக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணாமல் போட்டால் யார் வயிற்றுக்குள்ளாவது ஒன்று தங்கிவிடும்.

எனவே படித்தேன். உறைவிட அறிவியல் பள்ளியில் தனக்குக் கிடைத்த இடத்தைத் தன்னுடன் பிறந்தவனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. மாணவி கையெழுத்து என்ற இடத்தில் அவள் ஏற்கெனவே அழகாகப் போட்டிருந்தாள். பெற்றோர் ஒருவர் போட்டால் போதும்.

என் பிள்ளைகள் இரட்டையர். மகள் பதினொரு நிமிடம் மூத்தவள். மகனை நாங்கள் சாமியார் என்றுதான் கூப்பிடுவோம். எதற்கும் வாயைத் திறக்கமாட்டான், தட்டில் எதை வைத்தாலும் தின்பான், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். இருவரும் ஒரே நுழைவுத்தேர்வு எழுதினார்கள். மகள் பெயர் முதல் பட்டியலில் வந்தது. மகன் காத்திருப்போர் பட்டியலில் எங்கேயோ அடியில் கிடந்தான். அந்தப் பள்ளியில் ஒரு வீட்டுக்கு ஓர் இடம்தான். ஆனால் இடம் கிடைத்த பிள்ளை மனமுவந்து ஒதுங்கினால், கூடப் பிறந்த பிள்ளைக்கு அது போகும் என்று ஒரு விதி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை அவகாசம். அதற்குள் அவள் ஏற்புக் கடிதத்தைக் கொடுக்கலாம், அல்லது இந்தப் படிவத்தைக் கொடுக்கலாம்.

‘காரணம்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டது. அங்கே அவள் எழுதியிருந்த வரி இது: ‘எனக்கு இருட்டு பழகிடுச்சு.’

ஏன்டி இப்படி என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

“சில்லு குடுத்தாளேம்மா.”

சில்லு யார் என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி எழுதிய நாவலின் கதாநாயகி அவள். வயது பதினைந்து. பூமிக்கு அடியில் ஒரு நகரம். அங்கே பிறந்தவர்கள் சூரியனைப் பார்க்காமலே சாக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மேலேயிருந்து ஒரு லிஃப்ட் இறங்கும், வீட்டுக்கு ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும். சில்லுவின் வீட்டில் சீட்டு அவள் பெயருக்கு விழுகிறது. லிஃப்டின் கதவு மூடப்போகிற நேரத்தில் அவள் வெளியே குதித்து, தம்பியை உள்ளே தள்ளி, ‘நீ போடா, எனக்கு இருட்டு பழகிடுச்சு’ என்கிறாள். அதன்பிறகு கீழேயே இருந்து காவலர்களை அடித்து நொறுக்கி, சுரங்கங்களைக் கைப்பற்றி, மூன்று பாகங்களுக்குப் புரட்சி செய்கிறாள். சுவரேறிக் குதித்ததில் அவளுக்கு முன்பல் ஒன்று சில்லு போயிருக்கும், அதனால் அந்தப் பெயர். ஊரில் பாதிப் பிள்ளைகள், என் மகளையும் சேர்த்து, முன்பல்லின் ஓரத்தில் கறுப்பு மை தடவிக்கொண்டு திரிகிறார்கள். அந்த வரி பனியனில் இருக்கிறது, தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது, என் மகளின் தலையணை உறையில் இருக்கிறது. என் மகளுக்கு அந்த மூன்று பாகமும் தலைகீழ்ப் பாடம். எழுதியது தன் மாமா என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை வேறு.

போன மாதம்கூட, ரேஷன் கடை மாதிரி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற கீழ்நகரத்துச் சனங்களைப் பற்றிப் படித்துக்காட்டிவிட்டு, “நீ அந்த ஊர்ல இருந்திருந்தா இவங்கள்ல ஒருத்தியாத்தான்மா இருந்திருப்பே” என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

முடியாது, கையெழுத்துப் போடமாட்டேன், சாயந்தரம் பேசலாம் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டித்தான் கவனித்தேன், இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு.

அன்று நான் யாரிடமும் நல்ல முகத்தோடு பேசவில்லை. எங்கள் அறையில் சன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் இருக்கும் திறப்பு வழியாக அழுக்குத் தட்டுகள் வரும். இன்னொரு பக்கம் ஆவிப் பெட்டி, அதைத் திறந்தால் முகத்தில் சூடு அறையும். நடுவில் நீண்ட எஃகு மேசை. அதில் பச்சைத் துணியை மூலைவாட்டில் விரித்து, கருவிகளை அடுக்கி, நான்கு முனைகளையும் மடித்து ஒட்ட வேண்டும். ஒரு தட்டை நான்கு தரம் எண்ணினேன். நான்கு தரமும் வேறு வேறு கணக்கு வந்தது. திறப்பு வழியாக ஒரு நர்ஸ் தலையை நீட்டி, தம்பியிடம் கையெழுத்து வாங்கித் தரும்படி மூன்றாம் பாகத்தைக் கொடுத்தாள். அவளுடைய மகளும் சில்லு பைத்தியமாம். தம்பிக்காக எல்லாவற்றையும் விட்டுத் தருகிறாளே, அந்த இடத்தில் அழாமல் படிக்க முடியவில்லை என்றாள். எனக்கும்தான் அந்த இடம் தாங்கமுடியவில்லை என்றேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது பிள்ளைகளின் அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர், சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல மனிதர். கண்களெல்லாம் ஈரம். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இப்படி மனசு வரும், நம் வளர்ப்பு அப்படி என்று என்னையும் சேர்த்துப் பாராட்டினார். பேச வாயெடுப்பதற்குள் அவருக்கு அழைப்பு வந்தது, எங்கேயோ ஏழாவது மாடியில் நான்கு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படிவத்தை மகள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள், பரிசுச் சான்றிதழை வைப்பதுபோல.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். சாமியார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அவனையே பார்த்தேன். சமையலறைக் குழல்விளக்கின் கீழே, தட்டுக்கும் வாய்க்கும் நடுவே மட்டும் போய்வருகிற அந்தக் கையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

என் தம்பி என்னைவிட ஒரு வயது சின்னவன். ஒரு வருஷம் முன்னதாகவே சேர்த்துவிட்டதால் என்னோடு ஒரே வகுப்பில் படித்தான். எங்கள் காலத்தில் அது தொழில்நுட்பப் பள்ளி. அங்கேயும் வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். எனக்கு அவனைவிட நாற்பத்தோரு மதிப்பெண் கூட. அப்பா அவன் பெயரை எழுதினார். நான் எனக்கும் வேண்டும் என்றேன். மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தைக் கிழிக்கப் போனேன், தடுத்த கையைக் கடித்தேன். என்னைத் தூக்கிப் பழைய சாமான்கள் போடும் அறையில் போட்டுப் பூட்டினார். மூன்று நாள். கடைசித் தேதி முடிந்த அன்று சாயந்தரம் திறந்தார். உள்பக்கம் கதவின் கீலில் ஓர் ஆணி கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. விரல் நகம் பிய்ந்தபிறகு அதைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். ஆணி வரவில்லை, பல் போனது. கல்யாணத்துக்கு முன்பு டாக்டரிடம் போய் உறை போட்டுக்கொண்டேன்.

இதை நான் அழுதுகொண்டு சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் எழுந்து, அது பொய் என்றாள். மாமா அப்படி எழுதியிருக்கமாட்டார், நடந்தது அதுவானால் அதையே எழுதியிருப்பார், உனக்கு அவர்மேல் பொறாமை என்றாள். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. சரி, அவனையே கேள் என்றேன். ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

தம்பி சந்தோஷமாகத்தான் எடுத்தான். மருமகளுக்கு இடம் கிடைத்ததற்கு வாழ்த்துச் சொன்னான். அவள் சுற்றி வளைக்கவில்லை. அம்மாவை அறையில் போட்டுப் பூட்டினார்களா இல்லையா என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. தாத்தா கொஞ்சம் கோபக்காரர் என்று ஆரம்பித்தான். பிறகு, அது கதைம்மா, கதையென்றால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், ஒரு பெண்ணை இழுத்துப் பூட்டினார்கள் என்று எழுதினால் யார் அவளைப் பின்பற்றுவார்கள், அவள் தானாகத் தீர்மானித்தால்தான் கதாநாயகி என்று விளக்கினான். பூசி மெழுகுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பரிசுகளெல்லாம் சும்மா வரவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இருபத்தேழு வருஷமாகக் கேட்காதது.

“அந்த மூணு நாளும் நீ எங்கடா உக்காந்து சாப்பிட்டே?”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“கதவுப் பக்கத்துலதான்க்கா. வேற எடம் ஏது நம்ம வீட்டுல.” பிறகு அவனாகவே சொன்னான், “மூணாவது நாள் நீ தட்டுறது நின்னுடுச்சு. சரி, நீயே மனசு வந்து விட்டுக் குடுத்துட்டேன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

நான்தான் ஃபோனை அணைத்தேன். அவன் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவன் நிஜமாகவே நம்புகிறான். ஒருத்தி குரல் போய், கைவிரல்கள் வீங்கி, தரையில் சுருண்டு படுத்ததை அவன் தியாகம் என்று எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி மேலே போய், அங்கே உட்கார்ந்து அதை மூன்று பாகமாக எழுதி, ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டான். இதோ அது சுற்றிக்கொண்டு என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்கே வந்து நிற்கிறது. அப்பாவை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அப்பா என்னிடம் எடுத்ததைப் பிடுங்கித்தான் எடுத்தார். நானே கொடுத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மகனிடம் திரும்பினேன். உனக்கு அந்த இடம் வேண்டுமா என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் கேக்கலையே. அவளாதான் குடுக்கறேன்னா.”

“நான் கேட்டது அது இல்ல.”

சாமியாரின் காதுகள் சிவந்தன. தட்டைப் பார்த்துக்கொண்டே, வேணும் என்றான். அவன் ஆசைப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. நல்ல பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளைதான் ஆசைப்படாது. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் சிரமம்கூட இல்லாமல், இன்னொருத்தி நல்லவளாக இருக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தானே, அதற்குத்தான் எழுந்து ஓர் அறை விடலாம்போல இருந்தது. விடவில்லை.

மகள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“மாமா புத்தக விழாவுல மேடையில நின்னு, எங்க அக்கா இல்லன்னா நான் இல்லைன்னு சொன்னாரே. அப்ப நீயும் சேர்ந்துதானே கை தட்டினே?”

தட்டினேன்தான். புதுப் புடவை கட்டிக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கைகூட அதுவரைக்கும் போனது. ஆனால் நான் கிழித்தால் அதுவும் அவளை வைத்துப் பூட்டுவதுதான், வேறு சாவி, அவ்வளவே. போகிறவள் அவள். இருக்கிறேன் என்றாலும் போகிறேன் என்றாலும் அவள் வாயால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிள்ளைகளின் அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, என்ன எல்லாரும் இப்படி உம்மென்று இருக்கிறீர்கள் என்று கேட்டார். தலைவலி என்றேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு பேசிய நான், அவரிடம் மட்டும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சொன்னதிலேயே எல்லாத் தெம்பும் தீர்ந்துபோயிருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிப்பதை நினைத்தாலே மலைப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் பாதிநாள் விடுப்பு போட்டேன். மகள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்றாள். “வரியா?” என்றாள், அவ்வளவுதான். எதைக் கொடுக்கப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். இறங்கியபின் பத்தடி முன்னாலேயே நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முன்பல்லில் மை இல்லை.

அறிவியல் பள்ளியின் அலுவலகத்தில் கடைசி நேரக் கூட்டம் என்று பிள்ளைகளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். பெற்றோர்கள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், வராந்தாவில். உள்ளே ஒரே கவுன்டர், முன்னால் இருபது முப்பது பேர். மணி நாலேகால். அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அப்போது என் ஃபோன் அடித்தது.

பிள்ளைகளின் அப்பா. ஏதோ மாடியிலிருந்து பேசினார், பின்னால் மோட்டார் இரைச்சல். வேலைக்குப் போகிற வழிதானே என்று காலையிலேயே ஃபிரிட்ஜிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டுபோய், கூட்டம் சேரும் முன்பே கவுன்டரில் கொடுத்துவிட்டாராம். பிள்ளை வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டாமே என்றுதானாம்.

“அவகிட்டக் கேட்டீங்களா?”

“ரெண்டு நாளா அவ ஒண்ணும் சொல்லலையே. அப்போ முடிவு மாறலைன்னுதானே அர்த்தம்?”

நான் அவரை என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. வராந்தாவில் நின்றிருந்த எல்லாப் பெற்றோர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு வருஷத்தில் அவரை நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். காவலாளி கையைக் குறுக்கே நீட்டி, பிள்ளைகள் மட்டும்தான் என்றார். என் மகள் உள்ளே இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். எல்லாருடைய மகளும்தான் உள்ளே இருக்கிறாள் என்றார். கண்ணாடியைத் தட்டினேன். வரிசையில் பிள்ளைகள் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை.

அவள் கவுன்டரை அடையும்போது ஐந்துக்கு ஆறு நிமிடம். கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் ஒரு தாளை நீட்டினாள். உள்ளே இருந்த குமாஸ்தா படித்தார், ஒரு கோப்பைத் திறந்தார், விரலால் தேடினார், வேறொரு தாளை எடுத்து அவளுக்குக் காட்டினார். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அப்படியே நின்றது. யாரோ ஒரு பையன் வெளியே வந்தான். கதவு திறந்து மூடிய இடைவெளியில் குமாஸ்தாவின் குரல் கேட்டது, இதில் இருப்பது உன் கையெழுத்துதானே என்றார். அடுத்தவர் வெளியே வந்தபோது அவள் குரல் கேட்டது. என் மகளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

“என் கையெழுத்துதான். இப்ப வேணாங்கறேன். அது என் எடம்.”

கதவு மூடிக்கொண்டது. குமாஸ்தா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மேசையில் இருந்த தாள்களைச் சேர்த்துத் தட்டி ஒழுங்குபடுத்தினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், ஒன்றும் செய்வதற்கில்லை என்பதுபோல. பிறகு எழுந்து நின்று, கவுன்டரின் இரும்பு ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் கையை உள்ளே விட்டாள்.

முழங்கை வரைக்கும் விட்டாள். ஷட்டர் அவள் கைமேல் வந்து நின்றது. குமாஸ்தா ஏதோ கத்தினார். காவலாளி என்னை விட்டுவிட்டு உள்ளே ஓடினார், திறந்த கதவு வழியாக நானும் ஓடினேன். அவள் கன்னத்தைக் கண்ணாடியோடு அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள், யாரையும் பார்க்கவில்லை. ஷட்டருக்கு அந்தப் பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாமல், அவள் விரல்கள் மேசைமேல் தாள்களைக் கலைத்துத் துழாவும் சரசரப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.